நிர்ப்பந்தமும் அடுத்தவர் உரிமையும்: ஜெடாய் வீரர்கள் பற்றிய ஒரு வழக்கு

ஃபிக்ஹுச் சட்ட விதிகளுள் 'தரூரத்' எனப்படும் நிர்ப்பந்த நிலை பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், வேறு வழியில்லாமல் அடிமைப் படையைக் கொண்டு போர் நடத்திய நல்லவர்களை இந்த விதி காப்பாற்றுமா?" என்று கேட்டார். எந்த நாட்டு வரலாற்றைக் கருதிக் கேட்கிறீர் என்று வினவினோம். வகுப்பில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. அவர் கருதியது வரலாற்றை அல்ல, 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்பட வரிசையை என்று பக்கத்திலிருந்தவர் விளக்கினார். அவ்விருவரும் பல நாள்களாக விடுதியில் இதைப் பற்றி வழக்காடி வருகிறார்களாம்.

பாடத்தை விட்டு விலகாதீர் என்று கடிந்துகொண்டோம். ஆயினும் கேள்வி நம்மை விடவில்லை. விடுமுறையில் அப்படங்களைப் பார்த்தோம். அவற்றைச் சுற்றி ரசிகர்கள் கால் நூற்றாண்டாக நடத்திவரும் விவாதத்தையும் இயன்ற அளவு வாசித்தோம். விளையாட்டுப் பேச்சு என்று நாம் எண்ணியிருந்ததற்குள், அமைதி காப்போர் எனப்படுவோரின் அறம் என்ன என்னும் கனமான கேள்வி இருப்பதைக் கண்டோம். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

வழக்கின் பின்னணி

ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய முதற்படம் 1977இல் வெளிவந்தது. அதில் ஒபி-வான் கெனோபி என்னும் முதியவர் லூக் என்னும் இளைஞனிடம், பழைய குடியரசின் காலத்தில் ஆயிரம் தலைமுறைகளுக்கும் மேலாக அமைதியையும் நீதியையும் காத்துவந்தவர்கள் ஜெடாய்கள் என்று சொல்கிறார். அவர்கள் வாளேந்திய துறவியர். குடும்ப வாழ்வு இல்லாதவர்கள். சிறு வயதிலேயே அவ்வமைப்பில் சேர்க்கப்படுகிறவர்கள். அந்தப் படத்தில் வரும் பாலைவனக் கோளின் காட்சிகள் அரபு நாடான துனீசியாவில் எடுக்கப்பட்டவை. மத்மாத்தாவின் நிலத்தடிக் குழி வீடு ஒன்றுதான் லூக்கின் இல்லமாகக் காட்டப்படுகிறது. அக்கோளின் பெயரும் தத்தாவீன் என்னும் துனீசிய ஊரின் பெயரை ஒட்டியதே.

முதியவரின் அந்த நற்சான்று 22 ஆண்டுகள் கேள்விக்கு உள்ளாகாமல் நின்றது. 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,90,127 பேர் தம் சமயம் 'ஜெடாய்' என்று எழுதிக்கொடுத்தனர். பெரும்பாலோர் வேடிக்கையாகச் செய்ததுதான். எனினும், வேடிக்கைக்காகவேனும் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளத்தக்க நற்பெயர் அதற்கு இருந்தது என்பது இதனால் விளங்கும்.

1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்கள், முந்தைய தலைமுறையின் கதையைச் சொல்லி, அந்த நற்சான்றைச் சோதனைக்கு உட்படுத்தின. ஜெடாய்கள் அடிமைத்தனத்தைக் கண்டும் கடந்து செல்கின்றனர். உருவாக்கப்பட்ட மனிதர்களின் படைக்குத் தளபதிகளாகின்றனர். தம்மை ஏவிய ஆட்சித் தலைவனாலேயே அழிக்கப்படுகின்றனர். ரசிகர்கள் இரு அணியாயினர். ஜெடாய்கள் தம் நெறியை இழந்தமையால் வீழ்ந்தனர் என்பது ஓர் அணி. அவர்கள் நல்லவர்களாகவே இருந்து வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்டனர் என்பது மற்றோர் அணி.

விலகி நின்ற குற்றம்

முதற் குற்றச்சாட்டு 1999ஆம் ஆண்டுப் படத்திலிருந்து எழுகிறது. குவை-கான் ஜின் என்னும் ஜெடாய், தத்தாவீனை ஒட்டிய பெயர்கொண்ட அக்கோளில் அனகின் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனையும் அவன் தாய் ஷ்மியையும் அடிமைகளாகக் காண்கிறார். எங்களை விடுவிக்கத்தான் வந்தீர்களா என்று கேட்கிற சிறுவனிடம், அடிமைகளை விடுவிப்பதற்காகத் தாம் வரவில்லை என்னும் பொருள்பட மறுமொழி சொல்கிறார். பின்னர் ஒரு பந்தயத்தின் வாயிலாகச் சிறுவன் மட்டும் விடுதலை பெறுகிறான். தாய் அங்கேயே விடப்படுகிறாள்.

ஜெடாய்களின் பக்கம் நின்று பேசுவோர் கூறும் மறுப்பு வலுவானதே. அக்கோள் குடியரசின் ஆட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஜெடாய்கள் குடியரசின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அநீதியைக் கண்ட இடமெல்லாம் வாளோடு நுழையும் அமைப்பு, அடுத்த தலைமுறையில் ஆக்கிரமிப்புப் படையாகிவிடும் அன்றோ என்று அவர்கள் கேட்கின்றனர். ஓர் அமைப்பு எல்லா அநீதியையும் களைய இயலாது என்பதை நாமும் ஒப்புகிறோம்.

ஆனால் குற்றச்சாட்டின் கூர்மை அங்கே இல்லை. அடுத்த படத்தின் கதை பத்து ஆண்டுகள் கழித்து நிகழ்வது. அந்தப் பத்து ஆண்டுகளில் தம்மிடம் வளரும் மாணவனின் தாயை விலை கொடுத்து மீட்க அவ்வமைப்பு முயன்றதாக ஒரு காட்சியும் இல்லை. அவளை விலைக்கு வாங்கி, விடுதலை செய்து, மணம் முடித்துக்கொண்டவர் கிளிக் லார்ஸ் என்னும் எளிய பாலைவன விவசாயி. படையும் சட்டமும் தேவைப்படாத ஒரு நற்செயலை, ஒரு விவசாயி தன் சொந்தப் பணத்தில் செய்து முடித்தார். சட்ட எல்லை என்னும் வாதம், ஜெடாய்கள் ஏன் போர் தொடுக்கவில்லை என்பதற்கு விடை தரும். ஏன் எதுவுமே செய்யவில்லை என்பதற்கு விடை தராது. பின்னர் அத்தாய் கடத்தப்பட்டு இறப்பதும், மகன் வெறிகொண்டு ஒரு கூட்டத்தையே பெண்டு பிள்ளைகளுடன் கொன்றழிப்பதும் கதையின் பின்விளைவுகள்.

விலகி நிற்றல் பற்றிய இதே வழக்கு, 2003இல் வந்த 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' என்னும் கணினி விளையாட்டின் முன்கதையிலும் வேறு வடிவில் வருகிறது. மாண்டலோரியர்கள் படையெடுத்துக் கோள்களை அழிக்கும்போது ஜெடாய் சபை பொறுத்திருக்கச் சொல்கிறது. ரெவன் என்னும் இளைஞர் சபையை மீறிப் போருக்குச் சென்று வெல்கிறார். பின்னர் அவரே கொடுங்கோலராகத் திரும்புகிறார். போருக்குப் போகாத சபையைக் கண்டிக்கும் ரசிகர்களுள் பலர், பிற்காலத்தில் போருக்குப் போன சபையையும் கண்டிக்கின்றனர். இதை முரண்பாடு என்று சிலர் எள்ளுவர். நம் பார்வையில் இது முரண்பாடு ஆகாது. அமைதி காப்போர் இரு வகையாகவும் பிழைக்கக்கூடும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

ரொட்டியும் அதன் விலையும்

இரண்டாம் குற்றச்சாட்டே நம் மாணவர் எழுப்பியது. 2002ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில் மேஸ் விண்டு என்னும் மூத்த ஜெடாய், தாங்கள் அமைதி காப்பவர்களேயன்றிப் படைவீரர்கள் அல்லர் என்று ஆட்சித் தலைவரிடம் எடுத்துரைக்கிறார். அதே படத்தின் இறுதியில் அவர் ஒரு படையை நடத்திச் செல்கிறார்.

அந்தப் படை எத்தகையது? கமினோ என்னும் கோளில் ஒரே மனிதனின் மரபணுவிலிருந்து படியெடுத்து வளர்க்கப்பட்டவர்கள். இயற்கை வளர்ச்சியின் பாதிக் காலத்தில் முதிர்ச்சியடையச் செய்யப்பட்டவர்கள். கட்டளைக்குக் கேள்வியின்றிப் பணியுமாறு பிறப்புக்கு முன்பே மாற்றப்பட்டவர்கள். அவர்களை ஒபி-வானுக்குக் காட்டும் கமினோ ஆட்சியாளர், இரண்டு லட்சம் 'அலகுகள்' ஆயத்தம், மேலும் பத்து லட்சம் உருவாகி வருகின்றன என்கிறார். ஆள் என்றோ வீரன் என்றோ சொல்லவில்லை. சரக்குக்குரிய சொல்லையே ஆள்கிறார். ஒபி-வான் அச்சொல்லைத் திருத்தவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் சைஃபோ-டயஸ் என்னும் ஜெடாயின் பெயரில், சபையின் ஒப்புதல் இன்றி, இந்தப் படைக்கு முன்பதிவு செய்யப்பட்டிருந்தது. யார் பணம் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பது தெளியாமலேயே சபை அப்படையை ஏற்றது.

இங்கே பரிந்து பேசுவோர் சொல்வது நிர்ப்பந்தம். ஜியோனோசிஸ் களத்தில் ஜெடாய்கள் சூழப்பட்டு மடிந்துகொண்டிருந்தனர். படை ஏற்கெனவே உருவாக்கப்பட்டுவிட்டது. ஆட்சிமன்றம் தலைவருக்கு அவசரகால அதிகாரம் வழங்கிவிட்டது. ஜெடாய்கள் தலைமை ஏற்காவிட்டால் இரக்கமற்ற வேறொருவர் ஏற்றிருப்பார். இவற்றுள் ஒன்றையும் நாம் மறுக்கவில்லை.

உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பை நம் மாணவர்கள் அறிவர். அதன் 21ஆம் விதி, நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை அனுமதிக்கும் என்கிறது. 22ஆம் விதி, அந்த அனுமதியைத் தேவையின் அளவோடு நிறுத்துகிறது. பலரும் இவ்விரண்டோடு நின்றுவிடுவர். 33ஆம் விதி, நிர்ப்பந்தத்தால் அடுத்தவர் உரிமை அற்றுப்போகாது என்கிறது. பசியால் சாகும் நிலையிலுள்ளவன் அடுத்தவன் ரொட்டியை எடுத்து உண்டால் அவன் மீது பாவம் இல்லை. ஆனால் ரொட்டியின் விலை அவன் தலையில் கடனாக நிற்கும்.

ரசிகர் வழக்கின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது என்பது நம் கருத்து. ஜியோனோசிஸ் களத்தில் படையைப் பயன்படுத்தியதை 21ஆம் விதியின்படி மன்னிக்கலாம். அதன்பின் மூன்று ஆண்டுகள் அதே படையைக் கொண்டு போர் நடத்தியது, 22ஆம் விதியின் அளவுகோலில் ஐயத்துக்கு உரியது. அப்படைவீரர்களுக்குப் பட்டிருந்த கடனைப் பற்றி நினையாமலே இருந்தது, 33ஆம் விதியின்படி தெளிவான குற்றம். அவர்களுக்குக் குடியுரிமை உண்டா, போர் முடிந்தபின் எங்கே செல்வர், பாதி ஆயுளாகக் குறைக்கப்பட்ட வாழ்நாளுக்கு ஈடு என்ன என்று எந்த ஜெடாயும் ஆட்சிமன்றத்தில் கேட்பதாக அப்படங்களில் ஒரு காட்சியும் இல்லை.

2008இல் தொடங்கிய 'தி குளோன் வார்ஸ்' என்னும் உயிரோவியத் தொடர் இக்குறையை உணர்ந்தே எழுதப்பட்டது போலும். அதன் முதல் அத்தியாயத்திலேயே முதுபெரும் ஜெடாய் யோடா, மூன்று வீரர்களைத் தலைக்கவசம் கழற்றச் சொல்லி, ஒருவரைப் போல் மற்றவர் இல்லை என்று அறிவுறுத்துகிறார். 2011இல் வந்த உம்பாரா போர் அத்தியாயங்களில், போங் க்ரெல் என்னும் ஜெடாய்த் தளபதி வீரர்களை எண்களால் அழைத்து மரணத்துக்கு அனுப்புகிறார். அவர்கள் இறுதியில் அவரை எதிர்த்து எழுகின்றனர். ஆகவே நல்ல தளபதியும் உண்டு, தீய தளபதியும் உண்டு என்று சிலர் சமாதானம் சொல்கின்றனர். அன்பான எசமானரும் எசமானரே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். யோடாவின் கனிவு மெய்யானது. ஆயினும் கனிவினால் கடன் தீராது. அவ்வீரர்களின் ஓய்வூதியத்துக்காக ஆட்சிமன்றத்தில் குரலெழுப்பும் ஒரு பெண் உறுப்பினரை 2023இல் வந்த 'தி பேட் பேட்ச்' தொடரில் காண்கிறோம். கதைக் காலத்தில் அப்போது ஜெடாய்கள் அழிந்துவிட்டனர்.

வழக்காடும் முறையில் உள்ள பிழைகள்

குற்றஞ்சாட்டும் அணியினரிடமும் இரு பிழைகளைக் காண்கிறோம். ஒன்று, பகைவரின் சொல்லைத் தீர்ப்பாகக் கொள்வது. 2004ஆம் ஆண்டு விளையாட்டில் வரும் க்ரேயா, 2013இல் வந்த அத்தியாயத்தில் குண்டு வைத்துப் பிடிபட்ட பாரிஸ் ஒஃபி, ஏன், சூழ்ச்சியின் மூலவரான பால்பட்டீன் ஆகியோர் ஜெடாய்களைப் பற்றிக் கூறும் பழிகளை ரசிகர்கள் சான்றாக எடுத்தாள்கின்றனர். அறிவிப்பாளரின் தகுதியை ஆராயாமல் அறிவிப்பை ஏற்கலாகாது என்பது நம் கல்வி மரபின் அரிச்சுவடி. பொய்யரும் சில வேளை உண்மை சொல்லலாம்தான். ஆயின் அதை வேறு சான்றால் நிறுவ வேண்டும். பாரிஸ் ஒஃபியின் கண்டனத்துக்கு வேறு சான்று உண்டு: அவள் செய்த குற்றத்துக்காக, முதலில் குற்றமற்ற அஹ்சோகா தானோவைச் சபையே தன் அமைப்பிலிருந்து நீக்கி, அரசின் விசாரணைக்கு ஒப்படைத்துவிடுகிறது. பால்பட்டீனின் சொல்லுக்கோ அவர் நலனைத் தவிர வேறு சான்று இல்லை.

மற்றொன்று, தோல்வியைக் குற்றத்துக்கு ஆதாரமாக்குவது. வீழ்ந்தார்கள், ஆகவே பிழைத்தார்கள் என்பது வென்றவரின் தர்க்கம். நல்லவர்கள் தோற்ற வரலாறுகள் எத்தனையோ உண்டு.

2005ஆம் ஆண்டுப் படத்தில், மேஸ் விண்டு பால்பட்டீனை விசாரணையின்றிக் கொல்ல முற்படும் காட்சி ரசிகர்களிடையே மிகுதியும் விவாதிக்கப்படுவது. இதில் நாம் பரிந்து பேசுவோர் பக்கமே சாய்கிறோம். அவர் கைது செய்யவே சென்றார். உடன் சென்ற மூவரைப் பால்பட்டீன் வெட்டி வீழ்த்தினார். நீதிமன்றமும் ஆட்சிமன்றமும் அவர் கைக்குள் இருந்தன. நடந்துகொண்டிருந்த சண்டையின் இறுதி வினாடியை அமைதியான நீதிமன்றத்தின் அளவுகோலால் அளப்பது முறையாகாது. அங்கே நிர்ப்பந்தம் உண்மை, அளவும் மீறப்படவில்லை.

பரிந்து பேசுவோரின் பிழையும் ஒன்று உண்டு. ஏமாற்றப்பட்டவர் குற்றவாளி அல்லர் என்பது அவர்கள் வாதம். அறியாமைக்கு மன்னிப்பு உண்டு; கேளாமைக்கு இல்லை. படையின் மூலத்தைக் கேட்டறியும் வாய்ப்பும் காலமும் சபைக்கு இருந்தன. 2024இல் வந்து ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்ட 'தி அகோலைட்' தொடர், இதற்கு ஏறத்தாழ நூறாண்டு முந்திய காலத்தில், சில ஜெடாய்கள் தம் கையால் நேர்ந்த உயிரிழப்பை மறைத்ததைக் கதையாக்கியது. அத்தொடரைத் தம் நாயகர்கள் மீது சுமத்திய அவதூறு என்று பல ரசிகர்கள் சினந்தனர். நமக்கோ அது, கணக்குக் கேட்கப்படாத அமைப்பு எதுவும் கணக்கை மறைக்கப் பழகிவிடும் என்னும் பொதுவுண்மையாகவே தோன்றியது.

சமாதானம் செய்தவர் யார்?

இத்தனை வாதங்களுக்கிடையே எவரும் போதிய அளவு கேளாத கேள்வி ஒன்று உண்டு. அப்போரில் சமாதானத்துக்கு முயன்றவர் யார்?

அரபு மொழியில் 'சுல்ஹ்' என்னும் சொல், பிணங்கியோரிடையே இணக்கத்தை உண்டாக்குதலைக் குறிக்கும். பழுதுற்றதைச் செப்பனிடுதல் என்னும் வேர்ப்பொருளை உடையது அது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 9ஆம் வசனம் இதற்கு வகுக்கும் வரிசையை நம் வாசகர் அறிவர்: முதலில் இணக்கம் செய்தல், ஒரு தரப்பு வரம்பு மீறினால் மட்டும், அது திரும்பும் வரை தடுத்தல், திரும்பிய பின் நீதியோடு மீண்டும் இணக்கம் செய்தல். வாள் நடுவில் வருகிறது. தொடக்கமும் முடிவும் இணக்கமே.

ஜெடாய்கள் நடுப்படியிலேயே நின்றுவிட்டனர். 2005ஆம் ஆண்டுப் படத்தில், போரை நிறுத்திப் பேச்சுவார்த்தையைத் தொடங்குமாறு ஆட்சித் தலைவரிடம் சொல்லும்படி அனகினை வேண்டுபவர் அவன் மனைவியாகிய பத்மே அமிதாலா. அவனோ அதை ஆட்சிமன்றத்தில் முறைப்படி முன்மொழியுமாறு சினந்து சொல்கிறான். 2010இல் வந்த ஓர் அத்தியாயத்தில் எதிர்த்தரப்பின் மன்ற உறுப்பினரை நேரில் சந்தித்துச் சமாதானத்துக்கு வழி தேடுபவரும் அவரே. அமைதியின் காவலர் என்னும் பட்டம் பெற்றவர்கள் போர்க்களத்தில் இருந்தனர். பட்டம் பெறாத ஒரு பெண் அமைதிக்கான வேலையைச் செய்தார். 2002ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் யோடா அன்றைய வெற்றியை வெற்றி என்று ஏற்க மறுத்து, போர் தொடங்கிவிட்டதே என்று வருந்துவது அழகிய காட்சி. அவ்வருத்தம் ஒரு தூதுக்குழுவாக மாறியிருந்தால் இன்னும் அழகாயிருந்திருக்கும்.

கற்பனைக்கு வெளியே

இத்தனை நுணுக்கமும் ஒரு திரைப்படத்துக்குத் தேவைதானா என்று வாசகர் கேட்கலாம். 'அமைதி காக்கும் படை' என்னும் தொடர் தமிழ் காதுக்குக் கற்பனைச் சொல் அல்ல. 1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையின்படி அப்பெயர் தாங்கிய படை இலங்கைக்குச் சென்றது. அதே ஆண்டு அக்டோபரில் அது போரில் ஒரு தரப்பாகிவிட்டது. அம்மாதம் யாழ்ப்பாண மருத்துவமனையினுள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் படை திரும்பியது. அமைதி காக்கச் சென்றவர் போராளியாதல் என்னும் பிழைக்கு இது சான்று.

எதிர்ப்பிழைக்குச் சான்று போஸ்னியா. 1995 ஜூலையில், ஐ.நா. பாதுகாப்பு வலயமாக அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில், டச்சு அமைதிப்படை இருக்கும்போதே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். தம் முகாமினுள் இருந்த 350 ஆண்களையும் அப்படையினர் வெளியேறச் செய்தனர். 2019இல் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், அவர்களை உள்ளேயே தங்கவிட்டிருந்தால் உயிர் பிழைக்க 10 விழுக்காடு வாய்ப்பு இருந்தது என்று கணித்து, அந்த அளவுக்கு நாட்டைப் பொறுப்பாக்கியது. விழுக்காடு மிகக் குறைவு என்று உறவினர் வருந்தினர். அவர்கள் வருத்தம் நியாயமானதே. ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படையினர் பெரும் நெருக்கடியில் இருந்தனர் என்பதை அறிந்தும், அந்த நெருக்கடியால் பொறுப்பு முற்றிலும் அழிந்துவிடாது என்று ஒரு நீதிமன்றம் கணக்கிட்டுச் சொன்னது. ரொட்டியின் விலை கடனாகவே நிற்கிறது.

கற்பனைக் காவலர்களைப் பற்றி இளைஞர்கள் வழக்காடுவதை இனி நாம் வீண் பேச்சு என்று தள்ளமாட்டோம். யார் பக்கமும் இரத்தம் சிந்தாத ஒரு கதையில் அவர்கள் நீதியின் அளவுகோல்களைப் பழகிப் பார்க்கின்றனர். அவர்கள் நல்லவர்களா தீயவர்களா என்று கேட்பதோடு நில்லாமல், யாருக்கு என்ன கடன்பட்டார்கள், அதைத் தீர்த்தார்களா என்று கேட்கப் பழகினால், அந்தப் பயிற்சி உண்மையான செய்திகளை வாசிக்கும்போதும் கைகொடுக்கும்.

விடுமுறை முடிந்து அம்மாணவரிடம் நம் விடையைச் சொன்னோம்: விதி அவர்களைப் பாவத்திலிருந்து காப்பாற்றலாம், கடனிலிருந்து காப்பாற்றாது. அவர் சற்று யோசித்து, "அப்படியானால் ஹஜ்ரத், கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் செத்துப்போயிருந்தால் யாரிடம் தீர்ப்பது?" என்று கேட்டார். அடுத்த பாடம் வாரிசுரிமை பற்றியது. அங்கிருந்தே தொடங்கினோம்.